புதிய ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்தபிறகு என்ன கதைப்பது?

வலிகாமம்_பகுதித்தலைவர்

இந்தத் தவணை எங்கள் பாடசாலைக்கு மூன்று புதிய ஆசிரியர்கள் வந்திருக்கினம். இருவர் கோப்பாயில் கல்வியியற் கல்லூரி முடித்தவர்கள். மற்றவர் பட்டதாரி, பட்டப்பின் கல்வி டிப்ளோமா இன்னும் தொடங்கவில்லை. தரம் 6 தொடக்கம் 9 வரை கணிதமும் விஞ்ஞானமும் எடுக்கினம். அவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை அதிபர் என்னிடம் தந்திருக்கிறார். கையில் இருப்பது மேற்பார்வைப் படிவம் மட்டும்தான். அதை நிரப்பிக் கொடுத்தால் முகம் வாடுதே தவிர, அடுத்த கிழமையும் பாடம் அதே மாதிரித்தான் நடக்குது. எப்படிச் செய்தால் உண்மையாகவே மாற்றம் வரும்?

கரும்பலகை

முதலில் அந்தப் படிவத்தை அலுமாரியில் வையுங்கோ. புள்ளி போடுகிறவரும் பழக்குகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், புது ஆசிரியர் உங்களுக்குக் காட்டவென்று ஒரு பாடம் ஆயத்தம் செய்வார். தனக்குத் தெரியாததை உங்களிடம் கேட்கமாட்டார். மேற்பார்வையை அதிபர் செய்யட்டும். உங்கள் குறிப்பு அந்தக் கோப்புக்குள் போகாது என்று மூவருக்கும் முதல்நாளே சொல்லிவிடுங்கோ. சொன்னபடி நடக்கவும் வேணும்.

ஒருவருக்கு இரண்டு கிழமைக்கு ஒரு சுற்று போதும். பாடத்துக்கு முதல்நாள் 10 நிமிடம் இருந்து கதையுங்கோ: என்ன படிப்பிக்கப் போகிறார், பிள்ளைகள் எங்கே தடக்குப்படுவார்கள் என்று நினைக்கிறார், நீங்கள் எதைக் கவனிக்கவேணும். மறுநாள் 40 நிமிடப் பாடவேளையில் முதல் 20 நிமிடம் இருந்தால் காணும். கடைசி வாங்கில் இருந்தால் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும். பக்கச் சுவரோரம் இருங்கோ, முகமும் கொப்பியும் தெரியும்.

உங்கள் கொப்பியின் நடுவே ஒரு கோடு கீறுங்கோ. இடப்பக்கம் ஆசிரியர் சொன்னது, சொன்ன சொல்லிலேயே. வலப்பக்கம் பிள்ளைகள் செய்தது. ஓரத்தில் நேரம். "நல்லது", "காணாது" என்ற தீர்ப்பு ஒன்றும் எழுதவேண்டாம். ஒரு வரி இப்படி இருக்கும்:

9.14: "1/2 ஓட 1/3 ஐக் கூட்ட, பகுதியெண்ணைச் சமமாக்கோணும். விளங்கிச்சா?" | எல்லாரும் "ஓம் ரீச்சர்". மூன்றாம் வாங்கில் இரண்டு கொப்பியில் 2/5.

அன்றைக்கே 15 நிமிடம் ஒதுக்கி, இந்த வரியை அவருக்கு முன்னால் வையுங்கோ. "அந்த 'ஓம்' உங்களுக்கு எதைக் காட்டினது?" என்று மட்டும் கேளுங்கோ. பதிலை அவரே தேடட்டும். பெரும்பாலும் "விளங்கிச்சா" என்று கேட்கிற இடத்தில் ஒரு சிறு கணக்குக் கொடுக்கலாம் என்ற முடிவுக்கு வருவார். 1/4 + 1/2 பொருத்தம். மேலையும் கீழையும் கூட்டுகிற பிள்ளை 2/6 எழுதும், பிழை உடனே கண்ணில் படும். எல்லாரும் எழுதும்போது ஆறு கொப்பி பார்த்தால் போதும்: கெட்டிக்காரர் இருவர், நடுத்தரம் இருவர், மெல்லக் கற்பவர் இருவர். அந்த ஆறுபேரை முன்னரே தெரிவுசெய்து வைக்கவேணும். இல்லாவிட்டால் கால் தானாக முன்வரிசைக்குப் போகும்.

பிறகு வருவதைத்தான் அநேகமானோர் விட்டுவிடுகினம். வெறும் வகுப்பறையில் அவர் கரும்பலகையடியில் நின்று அந்தக் கணக்கைக் கொடுக்கட்டும், நீங்கள் பிள்ளையாக இருங்கோ. மூன்று தரம், அந்த 15 நிமிடத்துக்குள்ளேயே 5 நிமிடம். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் கதைத்ததோடு நிறுத்தினால் 40 பிள்ளைகளுக்கு முன்னால் பழைய வசனம்தான் வாயில் வரும். ஒரு கிழமைக்குள் திரும்பப் போய் 10 நிமிடம் அதை மட்டும் பாருங்கோ. வேறு எது பிழைத்தாலும் அன்றைக்குச் சொல்லவேண்டாம்.

பனங்கூடல்

முறையில் எனக்கு முரண்பாடு இல்லை, தொடங்கும் இடத்தில்தான். முதல் மாதம் நான் பின்னக்கணக்கைத் தொடமாட்டேன். பாடம் தொடங்குவதற்கே 7 நிமிடம் போனால், கிழமைக்கு ஐந்து பாடவேளையில் 35 நிமிடம், ஏறத்தாழ ஒரு முழுப் பாடவேளை போச்சு. மணி அடித்ததிலிருந்து முதல் பிள்ளை எழுதத் தொடங்கும் வரை நேரம் எடுங்கோ. அதுதான் முதல் இலக்கு. பிள்ளைகள் வந்து இருக்கும்போதே பலகையில் ஒரு கேள்வி இருக்கட்டும். கொப்பியை வரிசைக்கு ஒருவர் கொடுக்கட்டும். "சத்தம் போடாதேங்கோ" என்பதற்குப் பதிலாக, என்ன செய்யவேணும், எவ்வளவு நேரம், முடித்தால் பிறகு என்ன என்ற மூன்றையும் சொல்லட்டும்.

அடுத்தது கேள்வி கேட்கும் விதம். வகுப்பின் இருக்கைப் படம் கீறி, கேள்வி போன ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு போடுங்கோ. ஒரு வார்த்தையும் சொல்லாமல் படத்தை நீட்டினால் போதும். கேட்டபிறகு எவ்வளவு பொறுக்கிறார் என்பதையும் எண்ணுங்கோ. மேரி பட் றோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கண்டது: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவில்தான் பொறுக்கிறார்கள், 3 செக்கனுக்கு நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளும், பதில் சொல்லாமல் விடுவது குறையும். புதியவர்கள் அந்த அமைதிக்குப் பயந்து கேள்வியை வேறு சொல்லில் திருப்பிக் கேட்பினம். பிள்ளை அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கும், இப்போது புதுக் கேள்வி. ஒருமுறை கேட்டு, வாயை மூடி, மனதுக்குள் மூன்று எண்ணப் பழக்கவேணும்.

வலிகாமம்_பகுதித்தலைவர்

நன்றி. எனக்கும் பாடவேளை நிறைய. நேரத்துக்கு எங்கே போவது?

கரும்பலகை

ஒருவருக்கு 10 + 20 + 15 + 10, ஆக 55 நிமிடம். மூவருக்கு 165. இரண்டு கிழமைக்கு ஏறத்தாழ நான்கு பாடவேளை. நேரசூசி போடும்போதே கிழமைக்கு இரண்டைக் கேட்டு வாங்குங்கோ. வராத ஆசிரியரின் வகுப்புக்கு உங்களை அனுப்ப அந்த இரண்டையும் எடுக்கக்கூடாது என்பதையும் அதிபரிடம் சேர்த்துச் சொல்லுங்கோ. அங்கேதான் எல்லா ஒழுங்கும் உடையும். பாடசாலை விட்டபிறகு வைத்தால் தூர இடத்தவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பினம்.

தீவகம்

தீவுப் பக்கம் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான் இருக்கும் சின்னப் பாடசாலைகளுக்கு: மேசையில் கைபேசியை வைத்து 15 நிமிடம் குரலை மட்டும் பதியட்டும். வீடியோ வேண்டாம், பிள்ளைகளின் முகம் வெளியே போகக்கூடாது. ஆசிரியர் முதலில் தானே கேட்டு, தான் கதைத்த நிமிடத்தையும் பிள்ளைகள் கதைத்த நிமிடத்தையும் எழுதட்டும். பிறகு வேறு பாடசாலையில் அதே பாடம் எடுக்கும் அனுபவசாலி ஒருவரோடு தொலைபேசியில் கதைக்கலாம்.

உங்கள் பட்டதாரி ஆசிரியருக்கு இன்னொன்று. ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்துப் பாடக்குறிப்பைப் பக்கம் பக்கமாக எழுதவிடாதேங்கோ. பாடநூலின் பயிற்சியை முதல்நாள் தானே செய்து, ஒவ்வொரு கணக்குக்கும் பிள்ளை எழுதக்கூடிய ஒரு பிழையான விடையைப் பக்கத்தில் குறிக்கட்டும். பாடத்துக்கு முதல்நாள் கதைக்கும் 10 நிமிடத்துக்கு அந்தத் தாளோடு வரச்சொல்லுங்கோ.