பேஸ்பால் பிட்சராக (பந்து எறிபவராக) ஆசைப்படும் மகன்: எந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பது?

யோகோஹாமா அம்மா:
வணக்கம். பதினோரு வருடமாக ஜப்பானில் இருக்கிறோம். மகன் நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு. பேஸ்பாலைத் தவிர வீட்டில் வேறு பேச்சே இல்லை. வேறு மாகாணத்தில், விடுதியோடு உள்ள பெரிய பேஸ்பால் பள்ளி ஒன்று அவனை அழைக்கிறது. அங்கே போனால்தான் கோஷியென் (உயர்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டி), கோஷியென் ஆடினால்தான் புரோ (தொழில்முறை வீரர்) என்கிறான். சைக்கிளில் போகிற தூரத்தில் அரசுப் பள்ளியும் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது அவன் முழங்கை. ஜூனில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எறிந்துவிட்டு வந்தவன், திங்கள் காலை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். கேட்டால் வலிக்கவில்லையாம். இந்த வழியில் பிள்ளையை அனுப்பியவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, எங்களுடையது இந்தியப் பாஸ்போர்ட். புரோ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுப்பார்களா?

நகோயா செல்வம்:
அக்கா, முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், பள்ளி அப்புறம். என் மகனும் இப்படித்தான் ஒரு சீசன் முழுக்க வலியை மறைத்தான்.

பாஸ்போர்ட் பற்றிக் கவலை வேண்டாம். இங்குள்ள பள்ளியில் மூன்று ஆண்டு படித்திருந்தால் வெளிநாட்டு வீரர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எல்லாரையும் போல விருப்ப மனு கொடுத்துவிட்டு அக்டோபர் டிராஃப்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதில் பெயர் வராவிட்டாலும் கதவு மூடிவிடாது. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடலாம், கம்பெனி அணியில் மூன்று வருடம் ஆடிவிட்டு மறுபடி வரலாம். எங்கள் ஐச்சி மாகாணத்து கோதாய் செங்கா, கமகோரி என்ற சாதாரண அரசுப் பள்ளிப் பையன். 2010-இல் சாஃப்ட்பேங்க் என்ற புரோ அணி அவரை, வளர்த்தெடுக்க வேண்டிய பயிற்சி வீரராக, அதிலும் நான்காவது சுற்றில்தான் எடுத்தது. 2023-இல் அமெரிக்காவின் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக 202 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார் (பந்தை அடிக்கவிடாமல் வெளியேற்றினார்).

வடக்கு ரயில்:
2019-இல் வடக்கே இவாதே மாகாணத்தில் வேலை பார்த்தேன். அந்தக் கோடையில் ஊரே ரோக்கி சசாகி என்ற பள்ளிப் பிட்சரைப் பற்றித்தான் பேசியது. சுனாமியில் அப்பாவை இழந்த பையன். பெரிய பள்ளிகள் கூப்பிட்டும் போகாமல், நண்பர்களோடு ஒஃபுனாதோ அரசுப் பள்ளியில் சேர்ந்தான். ஒரு ஆட்டத்தில் 194 பந்து, அரையிறுதியில் 129 பந்து. மறுநாள் மாகாண இறுதியாட்டம், ஜெயித்தால் கோஷியென். பயிற்சியாளர் அவனை இறக்கவே இல்லை! 12-2 என்று ஹனமாகி ஹிகாஷி பள்ளியிடம் தோற்றார்கள். பள்ளிக்குப் போன் போட்டுத் திட்டியவர்கள் ஏராளம். எனக்கும் அன்று கோபம்தான்.

அக்டோபர் டிராஃப்டில் நான்கு புரோ அணிகள் அவனை முதல் தேர்வாகக் கேட்டன, குலுக்கலில் லோத்தே அணிக்குக் கிடைத்தான். அவர்களும் 2020 முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட இறக்காமல் உடம்பைத் தேற்றினார்கள். 2022 ஏப்ரலில், இருபது வயதில், பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு விடாத ஆட்டம்). 19 ஸ்டிரைக் அவுட். கோஷியெனில் ஒரு பந்துகூட எறியாதவன் அவன்.

பள்ளிப் போட்டிகளில் ஒரு பிட்சருக்கு வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பு இப்போது இருக்கிறது, ஆனால் பயிற்சியில் எறிவது அதில் சேராது. அழைக்கும் பள்ளியில் அதைக் கேளுங்கள். எந்தப் பள்ளி என்பதைவிட, ‘இன்று போதும்’ என்று சொல்கிற பயிற்சியாளர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள் அக்கா.

யோகோஹாமா அம்மா:
இருவருக்கும் நன்றி. சசாகி கதையை அவனுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் எழுந்து போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, வளைவுப் பந்து எறியும்போது மட்டும் வலிக்கிறது என்று சொன்னான். நாளை டாக்டரிடம் போகிறோம்.