நளாயினி சூரியனை நிறுத்தினால் நிலா என்ன ஆகும்?

ஓமலூர்_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஏழாவது படிக்கிறா. ராத்திரி எங்க அத்தை அவளுக்கு நளாயினி கதை சொன்னாங்க. புருஷனைக் கூடையில தூக்கிட்டுப் போற வழியில கழுமரத்துல இருந்த மாண்டவ்யர் மேல இடிச்சுடுது. பொழுது விடிஞ்சா இவன் சாவான்னு அவர் சாபம் விடுறார். அப்படின்னா பொழுதே விடியக் கூடாதுன்னு இவ சொல்ல, சூரியன் நின்னே போச்சு.

எம் பொண்ணு விடல. "சூரியன் எங்க அப்பாயி சுத்துது, பூமிதானே சுத்துது? அப்ப பூமிதானே நின்னிருக்கும்? நின்னா நாமெல்லாம் கீழ விழுந்துட மாட்டோமா? நிலாவும் நின்னுடுமா?"ன்னு ஆரம்பிச்சுட்டா. அத்தை "போய்ப் படுடி"ன்னுட்டாங்க. கேள்வி இப்ப என் தலையில. நான் படிச்சது பி.காம்.

யூடியூப்ல ஒருத்தர் பூமியே வெடிச்சுடும்ங்கிறார், இன்னொருத்தர் ஒண்ணும் ஆகாதுங்கிறார். பூமி, நிலா ரெண்டும் அப்படியே நின்னுட்டா உண்மையில என்ன நடக்கும்? ஏழாங்கிளாஸ் பொண்ணுக்குப் புரியுற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

ஓஎம்ஆர்_வாசி:

எங்க மேனேஜர் "இன்னும் விடியலையே, நைட் ஷிப்ட் எப்படி முடியும்"னு கேப்பார். அது மட்டும் உறுதி.

சாக்பீஸ்:

அம்மா, நான் ரிட்டயர் ஆன பிசிக்ஸ் வாத்தியார். கொஞ்சம் நீளமாகவே எழுதுறேன், பொறுத்துக்கணும்.

முதல்ல எந்த ஓட்டம் நிக்குதுன்னு பிரிக்கணும். பூமி தன்னைத்தானே சுத்துது, சூரியனையும் சுத்துது. நிலா பூமியைச் சுத்துது. மூணுல எதை நிறுத்துறோமோ அதுக்கேத்த கதை. யூடியூப்காரங்க ஆளுக்கொண்ணு சொல்றது இதைப் பிரிக்காததாலதான்.

தன்னைத்தானே சுத்துறது நின்னா: நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடிக்கிட்டிருக்கு. ஓமலூரில் சுமார் 1,640. தரை மட்டும் பட்டுன்னு நின்னா காத்து நிக்காது, அதே வேகத்தில் கிழக்கே போகும். 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா புயலின் காத்து மணிக்கு 120 கி.மீ. அளவு. அதுக்கே டெல்டாவில் தென்னந்தோப்பெல்லாம் படுத்துடுச்சு. காத்தோட தள்ளு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏத்தபடி கூடும். அப்படின்னா இது கஜாவைப் போல 180 மடங்குக்கு மேல. 'திடீர்னு' என்கிற சொல்லை எடுத்துடலாம். அதுக்கப்புறம் பேச ஆளே இருக்க மாட்டோம். நளாயினி மெதுவாத்தான் பிரேக் போட்டாள்னு வச்சுக்குவோம்.

கீழே விழுவோமா? மாட்டோம். நம்மைத் தரையோட பிடிச்சு வச்சிருக்கிறது ஈர்ப்பு, சுழற்சி இல்லை. சுழற்சி நம்மைத் துளி லேசாக்குது, அவ்வளவுதான். அது நின்னா 60 கிலோ ஆளு தராசில் 200 கிராம் கூடுதலா காட்டுவார்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம். சூரியன் கிழக்குத் தொடுவானத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற நேரத்தில் நளாயினி பூமியை நிறுத்திட்டா. ஆனா சூரியனைச் சுத்துறதை நிறுத்தலை. அப்போ நட்சத்திரங்களுக்கு நடுவே சூரியன் நாளுக்கு ஒரு டிகிரி கிழக்கே நகர்ந்துகிட்டே இருக்கும். கிழக்கு அடிவானத்தில் கிழக்கேன்னா கீழே. அதனால் விடியப் போற நேரத்து வெளிச்சம் திரும்ப மங்கி, மூணு வாரத்துக்குள்ள கும்மிருட்டு ஆயிடும். ஆறு மாசம் கழிச்சு சூரியன் மேற்கே உதிக்கும்! அது நிஜமாகவே அடிவானத்தில் அசையாம இருக்கணும்னா, பூமி முழுசா நிக்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரே ஒரு சுத்து சுத்தணும். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுறது இந்த ஏற்பாட்டில்தான், அது மாசத்துக்கு ஒரு சுத்து.

நிலா தன் பாட்டுக்கு ஓடும். அதுவும் மேற்கே உதிச்சு, வானத்தைக் கடக்க இரண்டு வாரம் எடுத்துக்கிட்டு, கிழக்கே மறையும்.

கடலையும் சொல்லணும். சுழற்சியால் பூமி இடுப்பில் பருத்திருக்கு, நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தை விட 21 கி.மீ. அதிகம். கடல் தண்ணியையும் அங்கே பிடிச்சு வச்சிருக்கிறது இந்தச் சுழற்சிதான். அது போனா தண்ணி வடக்கேயும் தெற்கேயும் வடியும். துருவத்துக்கு ஒண்ணா இரண்டு பெருங்கடல், நடுவில் உலகத்தைச் சுத்தி ஒரே தரை. பாக் நீரிணை காஞ்சு போகும், ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு நடந்தே போகலாம்.

அடுத்தது நிலா. அது ஏன் இப்ப விழலைன்னு பொண்ணு கேட்பா. விழுந்துகிட்டேதான் இருக்குன்னு சொல்லுங்க. ஆப்பிள் முதல் வினாடியில் 4.9 மீட்டர் விழுது. நிலா பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தள்ளி இருக்கு, அதனால் இழுப்பு 3,600-இல் ஒரு பங்கு, வினாடிக்கு 1.36 மில்லிமீட்டர் விழுது. நியூட்டன் போட்டுப் பார்த்த கணக்கு இது. அதே வினாடியில் நிலா பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிடுது. விழுற அளவுக்குப் பூமியும் வளைஞ்சு விலகுறதால தரையைத் தொடவே மாட்டேங்குது. அந்தப் பக்கவாட்டு ஓட்டத்தை நிறுத்தினா மிச்சம் விழுறது மட்டும்தான்.

எத்தனை நாளில்? 4.8 நாள், சுமார் 116 மணி நேரம். முதல் 95 மணி நேரத்தில் பாதி தூரம்தான் வந்திருக்கும். நிலா இரண்டு மடங்கு பெரிசாத் தெரியும், ஆனா அலையேற்றத்தின் விசை எட்டு மடங்கு ஆயிடும், ஏன்னா தூரம் குறையக் குறைய அது தூரத்தின் கனத்துக்கு (அதே எண்ணை மூணு தடவை பெருக்கினது) ஏத்தபடி கூடும். கடற்கரை ஊர்களுக்குப் பிரச்சினை நிலா மோதுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும்னு அர்த்தம். மிச்சப் பாதியை 21 மணி நேரத்தில் கடக்கும். 38,000 கி.மீ. தூரத்துக்கு வந்த பிறகு ஒன்றரை மணி நேரம்தான். மோதும்போது வேகம் வினாடிக்கு 10 கி.மீ.க்கு ஒரு துளி கம்மி. நிலா வழியிலேயே உடைஞ்சு சனிக்கு இருக்கிற மாதிரி வளையமாகிடும்னு சிலர் சொல்றாங்க. உடையக்கூடிய எல்லை பூமியின் மையத்திலிருந்து 18,000 கி.மீ. பக்கம்தான். அதைத் தாண்டி மோத இருபது நிமிஷ சொச்சம். வளையமாக நேரம் ஏது?

கடைசியா, பூமி சூரியனைச் சுத்துறது நின்னா 64 நாள் 14 மணி நேரத்தில் நாம சூரியனுக்குள்ள. முதல் நாள் 22,000 கி.மீ.தான் விழுவோம், 15 கோடி கி.மீ.யில் அது ஒண்ணுமே இல்லை. 41-ஆவது நாள் வெள்ளியின் பாதையைத் தாண்டுவோம், வெயில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 57-ஆவது நாள் புதனின் பாதை. அதுக்கப்புறம் ஒரு வாரம்தான். எல்லாம் ஒண்ணாவே விழுறதால விழுற உணர்ச்சியே இருக்காது.

ஆனா உங்க கேள்வி 'ரெண்டும் நின்னா'. அப்போ இந்த 64 நாள் கணக்கே வீண். அஞ்சாவது நாளே நிலா வந்துடும். அந்த அஞ்சு நாளில் சூரியன் பக்கம் நாம போயிருக்கிறது அஞ்சு லட்சம் கி.மீ. சொச்சம். வெயில் கூடினதை யாரும் கவனிச்சிருக்கக் கூட மாட்டாங்க.

ஓமலூர்_அக்கா:

சார், ரொம்ப நன்றி. வாசிச்சுக் காட்டினேன். மேற்கே உதிக்கும்னதும் அத்தையே எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. பொண்ணு மொட்டை மாடி டிஷ்ஷைக் காட்டி அடுத்த கேள்வி கேக்கறா. அது ஒரே சேட்டிலைட்டைப் பார்த்து அசையாம நிக்குதே, சேட்டிலைட் வானத்துல நிக்குதுதானே, அது மட்டும் ஏன் விழல?

சாக்பீஸ்:

நிக்கிற மாதிரி தெரியுது, நிக்கலை. அது தரையிலிருந்து 36,000 கி.மீ. உயரத்தில் வினாடிக்கு 3 கி.மீ. ஓடுது. பூமி ஒரு சுத்து சுத்துற நேரத்தில் அதுவும் ஒரு சுத்து சுத்துறதால டிஷ்ஷுக்கு மேலேயே இருக்கு. நளாயினி பூமியை நிறுத்தின மறு நிமிஷத்திலிருந்து சேட்டிலைட் டிஷ்ஷை விட்டு நகர ஆரம்பிச்சுடும். சீரியல் போச்சு.

எஞ்சின்_ரூம்:

வாத்தியார் 'மெதுவா பிரேக்'னு சொன்னது நிஜத்திலேயே நடந்துகிட்டிருக்கு, அதை நான் சொல்றேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. எங்க ஊரு ஏத்தம் வத்தம் ஒரு மீட்டர் கூட வராது, நிலா கடலை என்ன பண்ணுதுன்னு அங்கே தெரியாது. கப்பல் உடைக்கிற குஜராத் அலாங்கில் பார்க்கணும். சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும்.

கடைசிப் பயணமா அங்கே கப்பலைக் கொண்டு போனா, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின உச்ச ஏத்தம் வரைக்கும் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கணும். தண்ணி ஏறினதும் முழு வேகத்தில் கரையைப் பார்த்து விடுவாங்க. எஞ்சின் ரூமில் இருக்கிற எங்களுக்குக் கரை தெரியாது. அடியில் ஒரு உறுமல், அப்புறம் எஞ்சினைக் குளிர்விக்கிற கடல்தண்ணிக் குழாய் சேத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும், சூடு முள் ஏறும். மேலேயிருந்து 'நிறுத்து'ன்னு உத்தரவு வர வரைக்கும் அந்த முள்ளையேதான் பார்த்துக்கிட்டு நிப்போம். தண்ணி வடிஞ்சதும் கப்பல் சேத்துத் தரையில் உக்காந்திருக்கும், ஏணி போட்டு இறங்கலாம்.

அவ்வளவு தண்ணியைத் தினம் இரண்டு தடவை கரையில் இழுத்துத் தேய்க்கிற சக்தி பூமியோட சுழற்சியிலிருந்துதான் போகுது. அதனால் நூறு வருஷத்துக்கு ஒரு நாளோட நீளம் சுமார் 2 மில்லி வினாடி கூடுது. பூமி இழக்கிற சுழற்சி நிலாவுக்குப் போய், அது வருஷத்துக்கு 3.8 செ.மீ. விலகிப் போகுது. 1969-இல் அப்பல்லோ 11 ஆளுங்க வச்சிட்டு வந்த கண்ணாடியில் இங்கேயிருந்து லேசர் அடிச்சு அளக்கிறாங்க. 40 கோடி வருஷத்துக்கு முந்தின பவளத்தில் தினசரி வளர்ச்சிக் கோடுகளை எண்ணிப் பார்த்தா அப்போ வருஷத்துக்கு 400 நாள், அதாவது ஒரு நாளுக்கு 22 மணி நேரம்தான்.

மெக்_2014:

வாத்தியார் சார், 64 நாள் எப்படி வந்துச்சு? சூரியனோட இழுப்பு இங்கே 0.00593 மீ/வி². தூரம் 15 கோடி கி.மீ. தூரம் = அரை ஏ டி ஸ்கொயர் (ஏ இழுப்பு, டி நேரம்) போட்டா எனக்கு 82 நாள் வருதே.

சாக்பீஸ்:

அந்தச் சூத்திரத்துக்கு இழுப்பு வழி முழுக்க மாறாம இருக்கணும் தம்பி. கிட்டே போகப் போக இழுப்பு கூடும், அதனால 82-க்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடுவோம். தொகைநுண்கணிதம் போட்டு வரவழைக்கலாம். கெப்ளரே போதும்.

இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பிடிச்ச ரப்பர் பேண்டு மாதிரி, அகலமே இல்லாத நீள்வட்டம் ஒண்ணை நினைச்சுக்குங்க. ஒரு முனை பூமி நின்ன இடம், மறு முனை சூரியன். நேரா விழுறது அந்த நீள்வட்டத்தில் பாதிச் சுத்து. அதோட முழு நீளம்தான் இப்ப நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், ஆக அரை நெட்டச்சு (நீள்வட்டத்தோட நீளத்தில் பாதி) நம்ம பாதையோடதில் சரிபாதி. காலத்தின் வர்க்கம் அரை நெட்டச்சின் கனத்துக்கு ஏத்தபடி மாறும்னு கெப்ளரோட மூணாவது விதி. பாதியின் கனம் எட்டில் ஒண்ணு, அதோட வர்க்கமூலம் 0.3536. அதை 365.25-ஆல் பெருக்கினா முழுச் சுத்துக்கு 129 நாள். பாதிச் சுத்து 64.6.

சுருக்கமா, சுத்துற காலத்தை 5.657-ஆல் வகுத்தா விழுற காலம். நிலாவுக்கு 27.32-ஐ வகுத்துத்தான் 4.8 சொன்னேன். செவ்வாய்க்கு 687-ஐ வகுத்துப் பாருங்க, 121 வரும்.