பழைய 1911 பிஸ்டல் வாங்கிப் பராமரிப்பவர்கள் அனுபவம்

லைசென்ஸ் கைக்கு வந்ததும் நான் தேடியது ஒரு 1911ஏ1. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டலின் பிந்தைய வடிவம் இது. விற்றவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று பளபளவென்று கறுப்பு. இன்னொன்று ஓரமெல்லாம் தேய்ந்து மங்கிய சாம்பல் நிறம். சாம்பல் நிறத்தைத்தான் எடுத்தேன்.

இரண்டுமே இரண்டாம் உலகப் போரின் நடுவில் செய்யப்பட்டவை. அந்த வருடங்களில் இவற்றுக்குப் பார்க்கரைசிங் என்ற மங்கலான பூச்சுதான் போட்டார்கள். அப்படியிருக்க ஒன்று மட்டும் பளபளத்தால் யாரோ பின்னால் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ஸ்லைடில், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தில், பொறித்த எழுத்துகளின் விளிம்பும் அதில் மழுங்கியிருந்தது, ஓட்டைகளைச் சுற்றி லேசாகக் குழிந்தும் இருந்தது. தேய்ந்தாலும் பழைய பூச்சு அப்படியே இருப்பதைத்தான் சேகரிப்பவர்கள் மதிப்பார்கள்.

ஸ்லைடு ஒரு கம்பெனி, ஃபிரேம் (கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பாகம்) வேறு கம்பெனி என்று இருந்தால் பயப்பட வேண்டாம். டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்டும் இத்தாக்காவும் கோல்ட்டும் ஒரே அளவில்தான் செய்தார்கள். ராணுவப் பட்டறைகளில் பாகங்கள் கலந்துதான் போயின. சேகரிப்பு மதிப்பு குறையும், சுடுவதற்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் சேஃப்டி சோதனை. இதைச் செய்யாமல் யாரும் வாங்காதீர்கள். மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) கழற்றி, ஸ்லைடை இழுத்து, பேரலில் தோட்டா அமரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு, பாதுகாப்பான பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஹேமரை (பின்னால் உள்ள சுத்தியலை) ஏற்றி, சேஃப்டி போட்டு, ட்ரிக்கரை அழுத்தி விடுங்கள். பிறகு சேஃப்டியை எடுங்கள். அந்த நேரம் ஹேமர் விழுந்தால் அந்தப் பிஸ்டல் வேண்டாம். பின்பக்கத்து கிரிப் சேஃப்டியை அழுத்தாமல் ட்ரிக்கரை இழுத்தாலும் ஹேமர் விழக்கூடாது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மறுத்தால் வந்துவிடலாம்.

வாங்கியதும் முதலில் மாற்றியது ரீகாயில் ஸ்பிரிங், சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங். இது சுடும் .45 ஏசிபி தோட்டாவுக்கு வழக்கமான அளவு 16 பவுண்டு. பழைய ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு ஃபிரேமில் ஓங்கி மோதும். காலித் தோட்டாக்கள் வழக்கத்தைவிடத் தூரமாகப் பறப்பது அதற்கு அடையாளம். தோட்டா சிக்குகிறது என்றால் மேகசினின் உதடு, அதாவது தோட்டாவைப் பிடிக்கும் மேல்விளிம்பு, வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான், பிஸ்டலைக் குடைய வேண்டாம். கழற்றும்போது பேரல் புஷிங்குக்கு (பேரல் முனையைத் தாங்கும் வளையத்துக்கு) கீழே உள்ள மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள், பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். ஸ்பிரிங் விசையில் அது முகத்துக்கே பாயும்.

* * *

அருமையாகச் சொன்னீர்கள் அண்ணா. பழைய ராணுவத் தோட்டா சுடுபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். அந்தக் காலத்து பிரைமர்களில் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சிறு மூடிகளில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பின் பேரலில் தங்குவது ஒரு உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும். எண்ணெயில் அது கரையாது. நான் அன்றைக்கே பேரலைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகுதான் எண்ணெய் போடுவேன். மெல்லிய படலம் போதும், வழிய வழிய ஊற்றினால் தூசுதான் ஒட்டும்.

* * *

நான் வைத்திருப்பது லூகர் பி08 என்ற பழைய ஜெர்மன் பிஸ்டல். இதில் கதை நேர்மாறு. சின்னச் சின்னப் பாகத்திலும் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும், எல்லாம் பொருந்தினால்தான் சேகரிப்பவர் திரும்பிப் பார்ப்பார். என்னுடையதில் டாகிள் பாகத்து (சுட்டதும் மேலே மடங்கும் மூட்டு) எண் வேறு. சுடுவதற்கென்றே தேடியதால் எனக்கு அதுதான் வசதி, பாகம் தேய்ந்தால் மாற்றத் தயங்க வேண்டியதில்லை. கூடவே கொடுத்த தோல் உறையில் மட்டும் வைப்பதில்லை. தோல் ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் சேர்ந்து தொட்ட இடமெல்லாம் துரு ஏறும். உறை தனி அலமாரியில், பிஸ்டல் பூட்டிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு.