மவுண்ட்: ‘ஏற்று’வா, ‘மாட்டு’வா?

காட்பாடியிலிருந்து:
விண்டோஸ் பகிர்வை (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரை) லினக்ஸில் திறக்கும் தமிழ்க் கையேட்டில் மவுண்டுக்கு, அதாவது அந்தப் பகிர்வை நம் கணினியின் ஓர் அடைவில் (ஃபோல்டரில்) தெரியவைப்பதற்கு, ‘ஏற்று’ என்று போட்டிருக்கிறோம். அப்லோடு ‘பதிவேற்று’, லோடு ‘ஏற்று’. படிக்கிறவர் கோப்பெல்லாம் தன் கணினிக்கு வந்துவிட்டது என்றே நினைப்பார். ஒரு கோப்பும் நகர்வதில்லை. ‘மாட்டு’ என்று வைக்கலாமா? அன்மவுண்டுக்குக் ‘கழற்று’.

குடியாத்தத்திலிருந்து:
மாட்டு வண்டி குறுக்கே வருமே, அண்ணா! ‘இணை’ போதாதா?

காட்பாடியிலிருந்து:
‘இணை’ ஏற்கெனவே கனெக்டுக்கும் அட்டாச்சுக்கும் போய்விட்டது, தம்பி. சுவரில் காலண்டரை மாட்டினால் பின்னாலிருக்கும் கறை மறையும். கழற்றினால் கறை அங்கேயே இருக்கும். லினக்ஸிலும் அதேதான். ‘கணக்கு’ என்ற அடைவின் மேல் பகிர்வை மாட்டினால், அடைவில் முன்பே இருந்தவை அழியாது, கண்ணில் படாது, அவ்வளவுதான். இந்தப் பொருள் ‘இணை’யில் கிடையாது.

வம்பும் இங்கேதான். வேலூர் வெயிலில் கரண்ட் போய் வந்ததும் லினக்ஸ் முந்தி எழும், ரவுட்டர் பிந்தி எழும், பகிர்வு மாட்டாது. ராத்திரி ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் அதைப் பார்க்காமல் வெறும் அடைவுக்குள் எழுதித் தள்ளும். லினக்ஸ் இருக்கும் டிஸ்க் பகுதியான ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிடும். காலையில் பகிர்வை மாட்டியதும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துவிடும். டிஸ்க் இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை டிஸ்க் நிறைந்தது என்னும், கோப்புகளின் அளவைச் சொல்லும் ‘டியூ’ கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். மாட்டுவதற்கு முன்பே வெற்று அடைவுக்கு, அதைப் பூட்டும் ‘சேட்டர் +ஐ’ கட்டளையைப் போட்டுவிட்டால் ரூட்டாலும் (நிர்வாகி யூசராலும்) அதில் எழுத முடியாது. ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்கும். பூட்டில் எதையெல்லாம் மாட்ட வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், இந்தப் பகிர்வின் வரியில் ‘நோஃபெயில்’ சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பகிர்வுக்காக பூட் காத்து நிற்கலாம். அதே வரியில் கோப்புகளின் உரிமையாளரைச் சொல்லும் ‘யூஐடி=1000’ விட்டுப்போனால் கோப்பெல்லாம் ரூட்டின் பேரில் தெரியும்; சாதாரண யூசரால் எழுத முடியாது.

குடியாத்தத்திலிருந்து:
காலண்டரில் விழுந்துவிட்டேன். ‘மாட்டு’ இருக்கட்டும். மவுண்ட் பாயின்டுக்கு ‘மாட்டுமிடம்’. ‘ஆணி’ என்றால் சிரிப்பார்கள், ஆனால் சின்னது.

மாட்டும்போது வரும் பிழை 13-க்கும் (அனுமதி மறுப்பு) கையேட்டில் ஒரு வரி வேண்டும். விண்டோஸை நாலு இலக்கப் பின் போட்டுத் திறக்கிறவர்கள் அதையே இங்கேயும் அடிப்பார்கள். நெட்வொர்க்கில் பின் செல்லாது. அந்த விண்டோஸ் யூசர் கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் உள்ளே விடாது.

கழற்றும்போது வரும் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்ற பிழைச் செய்திக்கு என் பரிந்துரை: ‘கழற்ற முடியவில்லை, உள்ளே ஆள் இருக்கிறது’. டெர்மினல் அந்த அடைவுக்குள் நின்றாலே இது வரும். ‘சிடி’ கட்டளை அடித்து வெளியே வந்தபின் கழற்றினால் கழன்றுவிடும்.