பால்டர்ஸ் கேட் 3: கேம்ப்பில் இருப்பவர்களின் கதை நகரவே மாட்டேன் என்கிறது

ரங்கூன்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமை முதல் தடவையாக ஆடுகிறேன், இன்னும் ஆக்ட் 1 (கதையின் முதல் பாகம்) தாண்டவில்லை. என்னையும் சேர்த்து நாலு பேர்தான் ஒன்றாகப் போக முடியும் என்பதால் கூட்டாளிகளில் ஷேடோஹார்ட், லேஸெல், கார்லாக் மூவரையும் கூட வைத்திருக்கிறேன். கேல், அஸ்டாரியன், வில் மூன்று பேரும் கேம்ப்பிலேயே கிடக்கிறார்கள். போய்ப் பேச்சுக் கொடுத்தால் சொன்ன பதிலையே திருப்பிச் சொல்கிறார்கள். பக் (ஆட்டத்தின் நிரலில் பிழை) ஏதாவது இருக்குமா? இவர்கள் லெவலில் பின்தங்கிவிடுவார்களோ என்றும் கவலை. இங்கே கரண்ட் வந்து வந்து போவதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆட முடிகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்க என்னால் ஆகாது.

மோல்மேன்_வாத்தியார்:
லெவல் கவலையை விடுங்கள். கேம்ப்பில் சும்மா இருப்பவருக்கும் அதே அனுபவப் புள்ளி ஏறும். லெவல் ஏற்றுவதை மட்டும் நீங்கள்தான் அழுத்திச் செய்யவேண்டும். அது சரி, லாங் ரெஸ்ட் (கேம்ப்பில் ராத்திரி தூங்குவது) எடுக்கிறீர்களா?

ரங்கூன்_தம்பி:
ரொம்ப அபூர்வம். சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துவிடும் என்று ஷார்ட் ரெஸ்ட் (தூங்காமல் எடுக்கும் சின்ன ஓய்வு) இரண்டையும் போட்டு, மிச்சத்தை மருந்துக் குப்பியில் ஓட்டுகிறேன்.

மோல்மேன்_வாத்தியார்:
அங்கேதான் இருக்கிறது விஷயம். பக் எதுவும் இல்லை. கூட்டாளிகளின் சொந்தக் கதை பாதிக்குமேல் ராத்திரியில்தான் நடக்கும். காட்சிகள் வரிசையில் காத்திருக்கும், ஒரு ராத்திரிக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் வெளியே வரும். நீங்கள் தூங்கவே இல்லையென்றால் அவர்கள் எப்போது வாய் திறப்பார்கள்? சாதாரண கடினத்தில் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு 40 சாப்பாட்டுச் சாமான் புள்ளி போதும். பீப்பாய், பெட்டி, அடுப்படி எதையும் விடாமல் துழாவுங்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி கையில் பட்டதும் 'கேம்ப்புக்கு அனுப்பு' கொடுத்துவிட்டால் சுமையும் இருக்காது. இந்த ஆட்டத்தில் பட்டினி கிடந்தவரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பெரிய சண்டைக்குப் பிறகும் தூங்குங்கள். தலைக்கு மேல் ஆச்சரியக்குறி தெரிந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள்.

அப்புறம், ஆளை மாற்றி மாற்றிக் கூட்டிப்போங்கள்.

பெகு_அக்கா:
வாத்தியார் சொன்ன கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. கூட நிற்பவர்தான் நீங்கள் செய்வதைப் பார்த்து மெச்சுவார், இல்லை முகம் சுளிப்பார். அஸ்டாரியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் இலவசமாக உதவி செய்தால் அவன் வயிறு எரிவான். அதையே வில், கார்லாக் முன்னால் செய்யுங்கள், இரண்டு பேரும் குளிர்ந்துபோவார்கள். போகிற காரியத்துக்கு ஏற்ற ஆள், அவ்வளவுதான். பூட்டு திறக்க அஸ்டாரியன் வேண்டும் என்றால் திறந்து முடிந்ததும் கேம்ப்புக்கு அனுப்பிவிடுங்கள். யார் எப்படிப்பட்டவர் என்று விதர்ஸுக்கு (கேம்ப்பில் வந்து நிற்கும் பாத்திரம்) கவலையே இல்லை, 100 பொன் கொடுத்தால் யாரையும் வேறு வகுப்புக்கு (போர்வீரர், மந்திரவாதி மாதிரியான வகை) மாற்றித் தருவார். ஷேடோஹார்ட்டின் குறி தப்பிக்கொண்டே இருந்தால் அவருடைய கேன்ட்ரிப்களை (எத்தனை தடவையும் போடக்கூடிய சின்ன மந்திரங்கள்) மாற்ற அதுவே வழி.

இன்னொன்று, தம்பி. நீங்கள் இப்போது ஒழுங்காகத் தூங்க ஆரம்பித்தால் ஷேடோஹார்ட்டும் லேஸெல்லும் ஒரு ராத்திரி முட்டிக்கொள்வார்கள். அது கத்தி வரை போகும், கவனிக்காமல் விட்டால் ஓர் ஆள் குறைந்துவிடும். நடுவில் புகுந்து பேசிப் பிரிக்கப் பகடை உருட்ட வேண்டியிருக்கும். அதனால் படுக்கப் போகும் முன் எஃப்5 (ஆட்டத்தை உடனே சேமிக்கும் விசை). உங்கள் ஊர்க் கரண்டுக்கு எஃப்5 எப்போதுமே நல்லது.

ரங்கூன்_தம்பி:
நன்றி அக்கா, வாத்தியாரே. நேற்றிலிருந்து அடுத்தடுத்துத் தூங்கினேன், கேம்ப்பே கலகலப்பாகிவிட்டது. வில்லுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்து அசந்துபோனேன். இப்போது கேல் மந்திரப் பொருள் ஏதாவது கொடு என்கிறார், அதை உறிஞ்சிவிடுவாராம். முடியாது என்றால்?

மோல்மேன்_வாத்தியார்:
கொடுங்கள். மறுத்துக்கொண்டே இருந்தால் அவர் கிளம்பிவிடுவார். நல்ல பொருளைத் தூக்கிக் கொடுக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. யாருக்கும் உதவாத, பச்சை நிறத்தில் பெயர் தெரியும் சாதாரண மந்திர மோதிரமோ கையுறையோ இருந்தால் அதுவே போதும். பட்டியலில் தேர்வு செய்யும்போது அது யாராவது மாட்டியிருக்கிற பொருளா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.