விற்கப்போகிற காருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லும் மேதாவிகளுக்கு

ஈரோடு_டிடிஐஎஸ்:
பழைய காரைப் புரோக்கர் இல்லாமல் நேரடியாக நல்ல விலைக்கு விற்பது எப்படி என்று ஒருவர் அப்பாவியாகக் கேட்டிருந்தார். அதற்கு பளபள_மூர்த்தி சார் அருளிய பதில்: "முன் பம்பரில் சின்னக் கீறல் இருந்தால் முதலில் பெயிண்ட் அடித்துவிடுங்கள், ஐயாயிரம் போட்டால் இருபதாயிரம் ஏறும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக அடுக்கி வைக்கலாம், இரண்டாவது சாவியைத் தேடி எடுக்கலாம், இன்ஷூரன்ஸ் முடிவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போதே விளம்பரம் போடலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு பம்பருக்குப் பெயிண்டாம். வாங்க வருகிறவர் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வருவார், அந்த மெக்கானிக் பம்பர் மட்டும் தனியாக மின்னுவதைப் பார்த்ததும் "முன்னாடி எங்கேயோ அடி வாங்கியிருக்கு" என்று காதில் ஓதுவார், அதோடு நாற்பதாயிரம் காலி. என் 2015 ஸ்விஃப்ட் டீசலில் பம்பர் ஓரத்தில் கீறல் இருக்கிறது. அப்படியேதான் விட்டிருக்கிறேன்.

பளபள_மூர்த்தி:
பெயர் சொல்லி அழைத்ததற்கு நன்றி. பம்பர் பிளாஸ்டிக் சார். மெக்கானிக் கொண்டுவருகிற, பெயிண்டின் கனத்தை அளக்கிற மைக்ரான் மீட்டர் தகட்டின் மேல்தான் ரீடிங் காட்டும், பம்பரில் வைத்தால் ஒன்றும் வராது. கதவுக்கோ போனட்டுக்கோ அடி என்று நான் எழுதவில்லை. விளம்பரத்தில் முதல் படமே முன்பக்கம்தான், அதில் கீறல் தெரிந்தால் போனே வராது.

ஈரோடு_டிடிஐஎஸ்:
கேட்டுக்கொள்ளுங்கள் மக்களே. மீட்டர் காட்டாது, அதனால் அடிக்கலாம்! இதைத்தான் நான் ஏமாற்று வேலை என்கிறேன். அப்புறம், சில்வரோ மெட்டாலிக் கலரோ என்றால் ரோட்டோரப் பட்டறையில் அடிக்கிற பெயிண்ட், பக்கத்தில் சக்கரத்துக்கு மேல் இருக்கிற ஃபெண்டர் தகட்டின் நிறத்தோடு ஒத்தே போகாது, வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பம்பர் ஒரு நிறம், பாடி ஒரு நிறம் என்று பல்லிளிக்கும்.

திருச்சி_ஆல்டோ:
ஒரு சின்ன சந்தேகம். "சின்னக் கீறல்" என்றால் எவ்வளவு? நகம் தடுக்குகிற ஆழமா, பாலிஷ் போட்டால் போகிறதா? ரெண்டுக்கும் ஒரே பதில் இருக்காதே.

பளபள_மூர்த்தி:
கீறல் கீறல்தான். அசிங்கமாக இருந்தால் அடிக்க வேண்டியதுதான்.

ஈரோடு_டிடிஐஎஸ்:
எவ்வளவாக இருந்தால் என்ன, பம்பருக்குப் பெயிண்ட் கூடாது.

ஆர்சி_புக்:
நீங்கள் இருவரும் பம்பரைக் கட்டிக்கொண்டு அழுங்கள். நேரடியாக விற்கிறவர் மாட்டுவது பேப்பரில்தான். வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் தேதி போடாமல், வாங்குகிறவர் பெயர் எழுதாமல் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50-இன்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி பல கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. லோன் முடிந்துவிட்டால் பேங்கில் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-உம் வாங்கி எச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் இருக்கிற லோன் அடமானப் பதிவை, கேன்சல் செய்துவிட்டு விளம்பரம் போட்டால் பேரத்தில் வாங்குகிறவர் வாய் பாதி அடைபட்டுவிடும். இதில் இருக்கிறது விலை.

ஈரோடு_டிடிஐஎஸ்:
சட்டம் எல்லாருக்கும் தெரியும் சார். என் எச்.பி. எப்போதோ கேன்சல். இங்கே பேச்சு பம்பரைப் பற்றி.

கன்சல்டிங்_அண்ணாச்சி:
தம்பிகளா, பழைய வண்டித் தொழிலில்தான் எனக்குத் தலை நரைத்தது. பம்பருக்குப் பெயிண்ட் அடித்தாலும் ஒன்றுதான், அடிக்காவிட்டாலும் ஒன்றுதான். நாங்கள் முதலில் போனட்டைத் தூக்கி ஏப்ரன் என்கிற உள்பக்கத் தகட்டைப் பார்ப்போம், போனட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்ப்போம், கதவு ரப்பரை இழுத்துப் பில்லரில் ஸ்பாட் வெல்டிங் பார்ப்போம். பம்பரைக் கடைசியில்கூடப் பார்ப்பதில்லை. இந்த வயிற்றெரிச்சல் எல்லாம் வேண்டாம் என்றுதான் எங்களைப் போன்ற பழைய கார் வாங்கி விற்கிற கன்சல்டிங்கில் விடச் சொல்வது. கொஞ்சம் குறையும், ஆனால் அன்றைக்கே பணம் கைக்கு வந்துவிடும்.

ஈரோடு_டிடிஐஎஸ்:
வந்துவிட்டார் அண்ணாச்சி. "கொஞ்சம்" குறையுமாம். எங்களிடம் 3,80,000-க்கு வாங்கி, அதே வாரம் உட்புறம் கழுவி, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு, 4,40,000 என்று போர்டு மாட்டுகிற கணக்கு எங்களுக்குத் தெரியாதா? போன தடவை "டீசல் செத்துப்போச்சு, யாரும் தொடமாட்டார்கள்" என்று எல்லாரையும் பயமுறுத்தினீர்களே, அதையும் மறக்கவில்லை. மாருதி 2020-இல் டீசலை நிறுத்தியதால்தான் நல்ல டிடிஐஎஸ் டீசல் இன்ஜின் வண்டிக்கு இன்று மவுசு.

கன்சல்டிங்_அண்ணாச்சி:
மவுசு இருந்தால் சரி. வாடகை, ஆள் கூலி, விற்காமல் நிற்கிற வண்டிக்கு வட்டி எல்லாம் யார் கொடுப்பார்கள், உங்கள் பம்பரா?

தூத்துக்குடி_உப்புக்காற்று:
பெயிண்ட் அடிக்காதே என்பவர் எங்கள் ஊருக்கு வந்து ஒரு மழைக்காலம் வண்டியை வெளியே நிறுத்திப் பார்க்கட்டும். தகட்டில் விழுந்த கீறலைச் சும்மா விட்டால் துரு பிடித்துவிடும்.

ஈரோடு_டிடிஐஎஸ்:
பிளாஸ்டிக் பம்பரில் துரு பிடிக்குமா அக்கா? கடலோர ஊர் வண்டி என்றால் நான் பார்க்கவே போகமாட்டேன், அது வேறு விஷயம்.

தூத்துக்குடி_உப்புக்காற்று:
நான் தகடு என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடி போட்டுப் படியுங்கள். அப்புறம் கடலோர வண்டி என்று மொத்தமாக மட்டம் தட்டாதீர்கள். அடியில் ஆன்டி-ரஸ்ட் கோட்டிங் அடித்து, வாராவாரம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற வண்டி எங்களுடையது. ஈரோட்டில் அண்டர்பாடியை எவர் எட்டிப் பார்க்கிறார்கள்?

ஈரோடு_டிடிஐஎஸ்:
நான் பார்க்கிறேன். என் வண்டியை லிஃப்டில் ஏற்றி எடுத்த படமே விளம்பரத்தில் இருக்கிறது. டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், எந்த வாரம், எந்த வருடம் தயாரித்தது என்று வருகிறவரே படித்துக்கொள்ளலாம். கீறலுக்குக் கிட்டத்தில் ஒரு படம், தள்ளி நின்று ஒரு படம். என்ன இருக்கிறதோ அதை முதலிலேயே காட்டிவிட்டால் நேரில் வந்து அதைச் சொல்லி யாரும் விலை குறைக்க முடியாது. பெயிண்ட் அடித்தால் நாமே அவர்கள் கையில் ஒரு சாக்கைக் கொடுக்கிறோம். எத்தனை முறை சொன்னாலும் இதுதான், பம்பருக்குப் பெயிண்ட் கூடாது.

பளபள_மூர்த்தி:
இவ்வளவு தெரிந்தவருக்கு வண்டி ஏன் இன்னும் போகவில்லை? பொங்கலுக்கு முன்பிருந்தே உங்கள் விளம்பரத்தைப் பார்க்கிறேன், கீறல் படத்தோடு.

ஈரோடு_டிடிஐஎஸ்:
அவசரம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே "லாஸ்ட் பிரைஸ் என்ன" என்று கேட்கிற ஆளுக்கு நான் வண்டி காட்டுவதில்லை. வண்டியின் அருமை தெரிந்த ஒரு ஆள் வருவார்.

கன்சல்டிங்_அண்ணாச்சி:
வருவார், வருவார். அதற்குள் இன்ஷூரன்ஸ் முடியாமல் இருக்க வேண்டும்.

ஈரோடு_டிடிஐஎஸ்:
முடிந்தால் புதுப்பித்துக்கொள்வேன், க்ளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கிற பிரீமியம் தள்ளுபடி, என் என்.சி.பி., 50 சதவீதம் அண்ணாச்சி, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஆர்சி_புக்:
அந்த என்.சி.பி. வண்டியோடு போகாது, உங்களோடுதான் வரும். விற்றதும் கம்பெனியில் கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படும். விளம்பரத்தில் "50 சதவீத என்.சி.பி. உண்டு" என்று போட்டிருக்கிறீர்கள், அதை எடுங்கள். மொத்தமாக ரொக்கம் வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் பணத்தை வாங்கியவருக்குத்தான் அபராதம், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே.

ஈரோடு_டிடிஐஎஸ்:
விளம்பரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும். மூர்த்தி சாரிடம் ஒரே ஒரு கேள்வி. பெயிண்ட் அடித்ததை வாங்குகிறவரிடம் சொல்வீர்களா, மாட்டீர்களா?

பளபள_மூர்த்தி:
கேட்டால் சொல்வேன்.

ஈரோடு_டிடிஐஎஸ்:
கேட்காவிட்டால்?

தூத்துக்குடி_உப்புக்காற்று:
அதை விடுங்கள். கடலோர வண்டி பற்றிச் சொன்னதை ஈரோட்டுக்காரர் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

திருச்சி_ஆல்டோ:
நகம் தடுக்கவில்லை. நான் பாலிஷ் போடப் போகிறேன்.

ஈரோடு_டிடிஐஎஸ்:
பாலிஷும் அதே வேலைதான்.