2 இராஜாக்கள் 18, 19 பாடத்துக்கு அருங்காட்சியக நூல்கள் இலவசமாக எங்கே?

சுவடிப்பிரியன்:
இறையியல் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுக்க, யூதாவின் அரசன் எசேக்கியா–அசீரிய அரசன் சனகெரிப் பகுதியில் கைப்பிரதி தயாராகிறது. அசீரியக் கலை பற்றிய அருங்காட்சியக நூல்கள் முறைப்படி இலவசமாகக் கிடைக்குமா? படங்களும் வேண்டும். கடையில் கருப்பு வெள்ளை நகல்தான் எடுக்கப்போகிறேன்.

கல்தச்சன்:
சிகாகோவிலிருந்து தொடங்குங்கள். 2023 வரை ஓரியண்டல் இன்ஸ்டிடியூட் என்றிருந்த நிறுவனம் தன் பழைய வெளியீடுகளைப் பிடிஎஃப்பாகவே தருகிறது. அறிஞர் லக்கன்பில் 1924இல் வெளியிட்ட சனகெரிபின் ஆண்டுக்குறிப்புகள் அங்கே உண்டு. அவர்களிடமுள்ள, சனகெரிபின் படையெடுப்புகளைச் சொல்லும் பல பக்கக் களிமண் பட்டகத்தின் மொழிபெயர்ப்பு அதில் இருக்கிறது. எசேக்கியா கட்டிய திறை அதன்படி பொன் 30 தாலந்து (பழைய எடை அளவு), வெள்ளி 800. 2 இராஜாக்கள் 18:14இல் பொன் அதே 30, வெள்ளி 300. ஒரு வகுப்பு முழுக்க இதிலேயே ஓடிவிடும்.

கவனிக்க: பட்டகம் 46 அரணான நகரங்கள் என்கிறதே தவிர யூதாவின் நகரமான லாகீசின் பெயரைச் சொல்வதில்லை. லாகீஸ் என்ற பெயர் வருவது நினிவே அரண்மனையின் புடைப்புச் சிற்பத்தில், அரசன் சிங்காசனத்தில் இருக்கும் காட்சிக்கு அருகே வெட்டிய எழுத்தில். இரண்டையும் குழப்பிக் கைப்பிரதியில் போடுபவர்கள் நிறைய.

தாள்மடிப்பு:
கலைக்கு நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் (மெட்). அச்சில் இல்லாத பல நூல்களை முழுதாக இறக்கலாம். நிம்ரூத் சிற்பங்கள், தந்த வேலைப்பாடுகள் பற்றிய 1980 நூலை எடுங்கள். நிம்ரூத்தான் ஆதியாகமம் 10:11இன் காலாகு. ஆமோஸ் 6:4இன் தந்தக்கட்டில் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்தத் தந்தத் தகடுகளே நல்ல துணை. தேடும்போது ஒரு சிக்கல் வரும்: நிம்ரூத் அரண்மனையின் அரசன் அசூர்நசிர்பாலின் பெயரை நூல் ஆங்கிலத்தில் இரண்டு எஸ் போட்டு எழுதுகிறது, மெட் தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பொருட்பக்கம் எஸ்ஹெச் போடுகிறது. பெயரை விட்டுவிட்டு அருங்காட்சியகம் பொருளுக்குத் தந்த பதிவு எண்ணைத் தட்டுங்கள். மனிதத் தலைச் சிங்கத்துக்கு 32.143.2. முதல் இரண்டு இலக்கம் 1932, அது அங்கே சேர்ந்த ஆண்டு.

அச்சுப் பக்க எண்ணும் பிடிஎஃப் பக்க எண்ணும் ஒத்துவராது. முன்பகுதியின் ரோமன் எண் பக்கங்களைக் கூட்டிக்கொண்டு தேவையான பக்கங்களை மட்டும் தனிக்கோப்பாகச் சேமியுங்கள்.

கல்தச்சன்:
நூலிலிருந்து படத்தை வெட்டாதீர்கள். அச்சுப்புள்ளிகள் நகலில் திட்டுத்திட்டாகிவிடும், உரிமையும் வேறு. மெட்டின் பொருட்பக்கத்தில் ‘ஓப்பன் ஆக்சஸ்’ (திறந்த பயன்பாடு) குறி இருந்தால் 2017 முதல் தடையில்லை. பிரிட்டிஷ் மியூசியம் படங்களுக்குப் பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குக் கூடாது. கைப்பிரதிக்கு விலை வைத்தால் தனி அனுமதி. 10 செ.மீ. அகலத்துக்கு 1,200 பிக்சலாவது வேண்டும்.

சுவடிப்பிரியன்:
லாகீஸ் சிற்பத்தின் புகைப்படம் நகலில் கரியாகத்தான் விழுகிறது. என்ன செய்யலாம்?

தாள்மடிப்பு:
கல்லின் மெல்லிய மேடுபள்ளம் நகலில் நிற்காது. நினிவேயை அகழ்ந்த லேயார்டின் 1853 நினிவே தொகுதியில் அதே காட்சிகள் கோட்டோவியமாக உள்ளன, பதிப்புரிமையும் முடிந்தது. நியூயார்க் பொது நூலகத்தின் இணையத் தொகுப்பில் எடுக்கலாம். சிதைந்த இடங்களை மட்டும் பிரிட்டிஷ் மியூசியம் புகைப்படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கல்தச்சன்:
எந்த நூலானாலும் ‘கிடைத்த இடம்’ என்ற வரியை முதலில் பாருங்கள். சந்தையில் வாங்கியது என்றிருந்தால் பாடத்தை அதன்மேல் கட்டாதீர்கள். இஸ்ரேல் மியூசியம் 1988இல் விலைக்கு வாங்கிய தந்த மாதுளை சாலொமோன் ஆலயத்தினுடையது எனப் பேசப்பட்டது. 2004இல் அதன் எழுத்து போலி என்று அந்த மியூசியமே அறிவித்தது. பழைய நூல்களில் அது இன்னும் ஆலயப் பொருளாகவே இருக்கிறது.